கயிற்றை அவிழ்த்தவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கயிற்றை அவிழ்த்தது நான். பதினாறு வருஷம் சுற்றி வளைத்துப் பேசியே காலத்தை ஓட்டியவள் நான். எழுதும்போதாவது உண்மையை முதல் வரியில் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்திலிருந்து, மயிலத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு கிராமத்துக்கு மருமகளாகப் போனேன். மாதா கோயிலைச் சுற்றி முப்பது நாற்பது வீடு. எல்லாரும் சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர்கள். நான் விலங்கியல் படித்து, பி.எட். முடித்து, திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தேன். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண்பிள்ளை நான்தான். மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, பூச்சி மருந்தை எத்தனை மூடி ஊற்றுவது, எல்லாவற்றுக்கும் என்னிடம் வருவார்கள். "டீச்சரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும்.

என் கணவரின் அண்ணன் பெண்சாதி, என் ஓரகத்தி, என்னைவிட எட்டு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிடுவேன். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி, "பஸ்ஸு போயிடப் போவுது, ஜல்தியா கெளம்புங்க டீச்சரம்மா" என்று என்னை விரட்டிவிட்டுத்தான் கொல்லைக்கு, அதாவது நிலத்து வேலைக்கு, போவாள். டீச்சரம்மா என்பது கிண்டல்தான், ஆனால் அதில் விஷம் கிடையாது. நான் இரண்டு வருஷம் அவள் கட்டிக்கொடுத்த சோற்றைத் தின்றுவிட்டுத்தான் பாடம் நடத்தினேன்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்குகிற சமயம். பிடுங்கிய செடியைக் கொல்லை நடுவில் குவித்து வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து காயை ஆய்வார்கள். அன்றைக்குச் சனிக்கிழமை, எனக்கு லீவு. பரீட்சைப் பேப்பர் கட்டோடு போய்ப் புங்கமர நிழலில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.

"டீச்சரம்மா, பேனாவ வெச்சிட்டு ஒரு கூடை ஆயுங்களேன். கையி தேஞ்சா பூடும்?" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

"இந்தப் பேப்பரை நீங்க திருத்திக் குடுங்க, நான் ரெண்டு கூடை ஆயறேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் எழுந்து குவியலுக்கு அந்தப் பக்கம் போய், அடியிலிருந்து ஒரு கத்தைச் செடியை உருவினாள்.

"ஐயோ மாதாவே!"

பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டாள். "நல்லதுதான், படம் எடுத்திச்சி" என்று கத்தினாள். நல்ல பாம்பு என்று முழுசாகச் சொல்லக்கூடப் பயப்படுவார்கள். கணுக்காலுக்கு மேலே இரண்டு பொட்டு ரத்தம் நின்றது. ஒருத்தி மந்திரிக்கிறவரைக் கூட்டிவர ஓடப் பார்த்தாள். இன்னொருத்தி மிளகாயைத் தின்னக் கொடு, காரம் தெரியுதா பார் என்றாள். நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"எல்லாரும் சும்மா இருங்க! இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியும்."

சாக்குத் தைக்க வைத்திருந்த சணல் கயிற்றை எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். முடிச்சுக்குள் ஒரு குச்சியை விட்டு முறுக்கினேன். அந்தக் காலத்துப் பாடத்தில் அப்படித்தான் இருந்தது. நானே கரும்பலகையில் எத்தனையோ தடவை அந்தப் படத்தை வரைந்திருக்கிறேன். கயிறு சதைக்குள் புதைகிற வரைக்கும் முறுக்கினேன். அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் பயத்தோடு ஒரு மரியாதையும் இருந்தது. அந்த நிமிஷத்திலும் அது எனக்கு இனித்தது. ச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

வீட்டில் ஆம்பிளைகள் யாரும் இல்லை. என் கணவர் விழுப்புரத்தில் ஆபீசில் இருந்தார். அக்கா புருஷன், அதாவது என் மூத்தார், மல்லாட்டை விலை விசாரிக்க விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருந்தார். பக்கத்துக் கொல்லைக்காரர் தன் டி.வி.எஸ். வண்டியில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கூட்டேரிப்பட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். பஸ் வருகிற வழியாக இல்லை. செங்கல் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டெம்போவை மறித்தோம். டிரைவர் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு பேர். நாங்கள் பின்னால் செங்கல் தூளில் ஏறி உட்கார்ந்தோம். கொல்லைக்காரர் எங்கள் வீட்டுக்குச் சொல்ல வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆக டெம்போவுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேர்தான். நடந்ததைப் பார்த்தது எங்கள் நாலு கண்கள் மட்டும்.

அதற்குள் கடிபட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். காலைப் பார்த்தேன். கட்டுக்குக் கீழே கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது.  பாடத்தில் இன்னொரு வரியும் இருந்தது: கட்டை அவ்வப்போது கொஞ்சம் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். அந்த வரியை நான் சுத்தமாக மறந்து போயிருந்தேன். கால் அழுகிப் போனால், வெட்டி எடுத்துவிட்டால், கட்டினது யார் என்று கேட்பார்கள். டீச்சர் என்பார்கள். இதுதான் என் கவலை. அவள் காலைப் பற்றிய கவலை இல்லை, என் பேரைப் பற்றிய கவலை.

குச்சியை உருவினேன்.

"வேணாம், அவுக்காத" என்றாள். என்னை நீ என்று அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "வலி இருந்தா இருந்துட்டுப் போவுது. ஆஸ்பத்திரி வந்துடும், அங்க அவுப்பாங்க. வேணாம்."

"எனக்குத் தெரியும்க்கா. நீங்க சும்மா இருங்க."

கையைத் தட்டிவிடப் பார்த்தாள். நான் அவள் கையை ஒதுக்கிவிட்டு முடிச்சை அவிழ்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக்கூட இல்லை, ஒரே இழுப்பில் முழுசாக. கயிறு பதிந்த இடத்தில் பள்ளம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலில் சிவப்பு ஏறியது, பாதம் சூடாகியது. "பாத்தீங்களா, ரத்தம் ஓடுது" என்று பெருமையாகச் சொன்னேன்.

திண்டிவனம் எல்லை வருவதற்குள் அவள் கண்ணைக் கசக்கினாள். "இன்னாது, நீ ரெண்டு பேரா தெரியற" என்றாள். இமை பாதி இறங்கிவிட்டது. கையால் தூக்கிவிட்டாலும் நிற்கவில்லை. பேச்சு மூக்கில் வந்தது, அப்புறம் அதுவும் குழறியது. எச்சிலை முழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. நான் டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைத் தட்டித் தட்டி, "வேகமா போங்க, வேகமா போங்க" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் தலை என் தோளில் தொங்கியது. வயிறு அசையவில்லை. தொண்டைக் குழி மட்டும் லேசாக இழுத்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பார்த்தவுடனே நர்சிடம் என்னென்னவோ சொன்னார். அவர்கள் அவள் முகத்தில் முகமூடி போல ஒன்றை அழுத்தி வைத்து, அதோடு சேர்ந்த ரப்பர்ப் பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்தார்கள். கையில் மருந்து ஏறியது. டாக்டர் காலில் இருந்த கயிற்றுத் தடத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கட்டு போட்டிருந்தீங்களா? எப்ப அவுத்தது?"

"இப்பத்தான் சார். கால் மணி நேரம் இருக்கும்."

"யாரும்மா அவுத்தது?"

நான் யோசிக்கவே இல்லை. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட ஒரு மாதிரி. எச்சில் முழுங்குகிற நேரத்தில் வாய் கூசாமல் வந்துவிட்டது. "அவங்களேதான் சார். வலி தாங்காம அவுத்துட்டாங்க."

"நீங்க கூட இருந்தீங்க இல்ல? பாத்தாப் படிச்சவங்களாட்டம் இருக்கீங்க. தடுக்கக் கூடாது?"

"சொன்னேன் சார். கேக்கல."

அவர் கோபமாகத்தான் பேசினார், ஆனால் கோபம் அவள் மேல். கட்டினதே தப்பு, கட்டின பிறகு வழியில் அவிழ்த்தது அதைவிடப் பெரிய தப்பு என்றார். ரத்தம் நின்றுபோன காலில் விஷமும் கெட்ட கழிவும் தேங்கி நிற்கும், ஒரேயடியாகத் திறந்துவிட்டால் அத்தனையும் ஒரே சமயத்தில் உடம்புக்குள் பாயும் என்றார். "நரம்பு சொல்றதத் தசைங்க கேக்காது. கண் இமையில ஆரம்பிச்சி மூச்சுத் தசை வரைக்கும் படுத்துடும். டயஃப்ரம் நின்னுபோச்சி. இனிமே நாமதான் மூச்சு விடணும் அவங்களுக்கு."

டயஃப்ரம். உதரவிதானம். மணி போன்ற கண்ணாடி ஜாடிக்குள் இரண்டு பலூனைக் கட்டி, அடியில் ரப்பர்த் தாளை இழுத்துக் காட்டி, வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம். தாளை இழுத்தால் பலூன் உப்பும், விட்டால் சுருங்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அந்தத் தாள் இழுக்கப்படாமல் நின்றால் எப்படி இருக்கும் என்று நான் யாருக்கும் காட்டியது இல்லை.

புதுச்சேரிக்கு அனுப்பினார்கள், அங்கேதான் மூச்சு மெஷின் இருக்கிறது என்று. ஆம்புலன்சில் நர்சம்மா கொஞ்ச தூரம் பையை அமுக்கினார். பிறகு மருந்து பாட்டிலைப் பார்க்க வேண்டியிருந்ததால் பையை என் கையில் கொடுத்தார். "நீங்க மூச்சு வுடறப்பல்லாம் அவங்களுக்கும் ஒண்ணு குடுங்க. அவசரப்படாதீங்க." கிளியனூர் தாண்டி ரொம்ப தூரம் நான்தான் அமுக்கினேன். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் அவள் நெஞ்சு எழும்பியது. கை வலித்து விரல் மரத்துப் போனது, நிறுத்தவில்லை. அருள் நிறைந்த மரியே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே அமுக்கினேன். இதை நான் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். இது மட்டும் பொய் இல்லை என்பதால் ரொம்பச் சத்தமாகவே சொன்னேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டு மெஷினில் மாட்டினார்கள். சாயங்காலத்துக்குள் குடும்பமே வந்துவிட்டது. ஒவ்வொருத்தராகக் கட்டிலண்டை வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தருக்கும் நான் கதை சொன்னேன். மாமியாரிடம், "நான் எவ்ளோ சொன்னேன் அத்தை, கேக்கலயே" என்றேன். மூத்தாரிடம், "மாமா, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள அவுத்துட்டாங்க" என்றேன். என் கணவரிடம் இன்னும் கொஞ்சம் மசாலா சேர்த்து, அவிழ்க்கும்போது என் கையைத் தட்டிவிட்டாள் என்றேன். எல்லாமே அவள் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னது. கண் மூடி, ஒரு விரல்கூட அசையாமல் கிடந்தாள். கட்டை மாதிரி கிடக்கிறவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஒரு நர்சு அவளுக்கு உடம்பு துடைத்துவிட்டபடி, "அக்கா, இந்தப் பக்கம் திருப்பறோம், பயப்படாதீங்க" என்று அவளிடமே பேசினார்.

"அவங்களுக்குத்தான் நெனவு இல்லையே சிஸ்டர்" என்றேன்.

"யாரு சொன்னது? நல்லா நெனவு இருக்கும்மா. தசைதான் வேலை செய்யல. மூளைக்கு ஒண்ணும் ஆவல. நாம பேசறது அத்தனையும் காதுல வுழும். அதான் பக்கத்துல உக்காந்து பேசிக்கினே இருங்கன்றோம். தைரியமா இருக்கும் அவங்களுக்கு."

 வெராண்டாவில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்குக் கேட்டிருக்கிறது. டாக்டரிடம் சொன்னது, மாமியாரிடம் சொன்னது, அவள் புருஷனிடம் சொன்னது, எல்லாம். வாயில் குழாயோடு, இல்லை என்று சொல்லத் தலையைக்கூட ஆட்ட முடியாமல் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

அப்போதாவது உள்ளே ஓடி அவள் காதண்டை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? குழாயை எடுத்ததும் அவள் பேசிவிடுவாளே என்று பயந்தேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்தான், அவள் பேசாமலே போய்விட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது.  இந்தப் பொய்யைவிட, அந்தப் பழியைவிட, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாக வேண்டும்.

நாலாம் நாள் மதியம் குழாயை எடுத்தார்கள். கண்ணைத் திறந்தாள். முதலில் என்னைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மூத்தார் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நாலு நாளாக அழுத கண்ணோடு, அழுகையையே கோபமாக்கிக் கேட்டார்.

"ஏண்டி அவுத்த? கூடத்தான டீச்சரு இருந்திச்சி? சொன்னாக் கேக்க மாட்டியா நீ?"

அவள் பார்வையை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. குழாய் கிழித்த தொண்டையில் சத்தம் காற்றாகத்தான் வந்தது.

"வலி தாங்கல" என்றாள்.

அவ்வளவுதான். பழி அவளுடையதாகிவிட்டது. அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

உயிர் பிழைத்தாள், கால் பழையபடி ஆகவில்லை. கடிபட்ட இடத்திலிருந்து பாதம் வரைக்கும் சதை அழுகி, இரண்டு கால்விரலை எடுத்தார்கள். கணுக்கால் விறைத்துப் போய், ஊன்றினால் வலிக்கும். நான் அளவுக்கு மீறி முறுக்கியதும் அதற்கு ஒரு காரணம் என்று டாக்டர் சொல்லக் கேட்டேன். ஆக, கால் போனதும் என்னால், மூச்சு நின்றதும் என்னால். வீட்டில் யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: டீச்சர் கட்டுப் போட்டுக் காப்பாற்றினாள், இவள் அவிழ்த்துக் கெடுத்துக்கொண்டாள். ஆம்புலன்சில் நான் பை அமுக்கிய கதையை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கோயிலில் சாமியார்கூட ஒருநாள் என்னைக் காட்டிப் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். சாமியார் காது பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தது. என் குரல் அவருக்குத் தெரியும், என் வீடு தெரியும். "சாமி, அஞ்சு தடவை பொய் சொன்னேன். ரெண்டு தடவை பூசைக்குப் போகல. மாமியார் மேல கோபப்பட்டேன்" என்றேன். டாக்டரிடம் ஒன்று, மாமியாரிடம் ஒன்று, மூத்தாரிடம் ஒன்று, கணவரிடம் ஒன்று, ஹெட்மாஸ்டரிடம் காய்ச்சல் என்று சொன்னது ஒன்று. ஆக அஞ்சு. எண்ணிக்கையில் குறை வைக்கவில்லை. எந்தப் பொய், யார் மேல், என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே அபராதம் கொடுத்தார். சொல்லி முடித்துவிட்டு, கடவுளிடம் எதையும் மறைக்கவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் எனக்கு மறுநாளைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். காலை நீட்டி வைத்துக்கொண்டு.

இதோடாவது நிறுத்தினேனா? மூச்சு மண்டலப் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "எங்க சொந்தத்துல ஒருத்தங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். கட்டு, கயிறு, அவிழ்த்தது, மூச்சு நின்றது எல்லாம் வரும். பிள்ளைகள் கண் இமைக்காமல் கேட்பார்கள். ஒரு வருஷம் ஒரு பொடியன் எழுந்து, "டீச்சர், அவங்களுக்கு அறிவே இல்லையா டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். மூன்றாவது பெஞ்சில் அக்காவின் மகள் உட்கார்ந்திருந்தாள். என் பள்ளிக்கூடத்தில்தான் எட்டாவது படித்தாள். அவளுக்கு அது யார் கதை என்று தெரியும். நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. அன்றைக்கு பஸ்சில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் பின்னால் போய் நின்றுகொண்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது! திமிரைப் பார் என்று நினைத்தேன். யாருக்குத் திமிர்?

பிறகு நாங்கள் விழுப்புரத்துக்குக் குடி மாறினோம். நான் தலைமை ஆசிரியை ஆனேன். டீச்சர்களுக்கு முதலுதவிப் பயிற்சி ஒன்று விழுப்புரத்தில் நடந்தது. வந்த டாக்டர், பாம்பு கடித்தால் கட்டே போடாதீர்கள், காலை அசைக்காமல் வைத்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். யாராவது கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள், மருந்து கையில் இருக்கும்போது டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றார். பெயர் ஊர் இல்லாமல் என் டெம்போவைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்கள்ல யாருக்காவது இந்த அனுபவம் இருக்கா?" என்று கேட்டார். நான் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். எழுத ஒன்றும் இல்லை, தேதியைத் திரும்பத் திரும்ப எழுதினேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் மூத்தார் இறந்தார். நெஞ்சு பலவீனம், ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பந்தியில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் ஒருத்தர், அக்கா சாதம் கொண்டுவருவதைப் பார்த்து, "மெதுவா வாம்மா. அன்னைக்கி அவசரப்பட்டு அவுத்தது போதாதா, இன்னைக்கும் இன்னா அவசரம்?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, எங்கள் வீட்டில் அது பழகிப்போன கேலி. நாலு பேர் சிரித்தார்கள். நானும் எப்போதும் சிரிப்பேன். அன்றைக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. புருஷன் போய் முப்பது நாள் ஆனவள், காலை இழுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.

எல்லாரும் போன பிறகு, மத்தியானம் மூன்று மணி இருக்கும். அவள் பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய்க் குந்தினேன்.

"அக்கா, அன்னைக்கி டெம்போவுல அவுத்தது நான்தான். நீங்க வேணாம்னு சொன்னீங்க."

"ஆமா" என்றாள். தேய்க்கிற கை நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரியில உங்க மேல பழியப் போட்டுட்டேன்."

"கேட்டுக்கினுதான கெடந்தேன். மொதல்ல அந்த டாக்டருகிட்ட. அப்பறம் அத்தகிட்ட. அப்பறம் அவருகிட்ட. உங்க ஊட்டுக்காரருகிட்ட சொல்றப்ப கொஞ்சம் சேத்துக்கூடச் சொன்ன, நான் கையத் தட்டிவுட்டேன்னு." பதினாறு வருஷத்துக்கு அப்புறமும் வரிசை மாறவில்லை. "அது நெசந்தான். தட்டிவுட்டேன். நீ அவுக்காம இருக்கத் தட்டிவுட்டேன்."

"ஏங்க்கா அன்னைக்கே சொல்லல?"

"கண்ணத் தொறந்ததும் உன் மூஞ்சத்தான் பாத்தேன். பயந்து செத்துக்கினு இருந்த. பாவமா பூட்ச்சி. சரி, ஊட்டுக்குப் போனதும் அவளே சொல்லிக்குவானு நெனச்சேன். அப்பறம் பெருநாளு முடியட்டும்னு பாத்தேன். அப்பறம் உனக்குப் புள்ள பொறந்திச்சி, இப்ப இன்னாத்துக்குப் பேஜாருன்னு வுட்டேன். அதுக்கப்பறம் நான் சொன்னா யாரு நம்புவா? டீச்சர வுட்டுட்டு என்னியா நம்பப் போறாங்க?"

நான் அழுதேன். அழுகிறவளை அவள் தேற்றுவாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் தேற்றவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா. எல்லாருகிட்டயும் சொல்லிடறேன். இன்னைக்கே சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லு. என் பொண்ணுகிட்ட சொல்லு, அது மனசுல ரொம்ப நாளா இருக்குது. சொல்லத்தான் வேணும்." அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். "எனக்கு ஊரு ஒலகம் எல்லாம் தெரிய வேணாம். அவரு ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும்னு இருந்திச்சி."

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். அவளே சொன்னாள்.

"கடைசி ரெண்டு நாளு அவரால படுக்கவே முடியல. படுத்தா மூச்சு முட்டும். தூக்கி உக்கார வெக்கணும். இந்தக் கால ஊனி என்னால அவரத் தூக்க முடியல. பாதி தூக்கறேன், நழுவுறாரு. அப்ப சொன்னாரு, 'அன்னைக்கி மட்டும் நீ அந்தக் கயித்த அவுக்காம இருந்திருந்தா, இன்னைக்கி என்னைத் தூக்கியிருப்ப இல்ல?'ன்னாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"மூச்சுக்குத் தவிக்கிறவருகிட்ட இன்னா கதை சொல்றது? 'ஆமாங்க, என் தப்புதான்'னேன்."